கன்பூசியஸும் முறைத் தண்ணீரும்

காலை ஆறு மணிக்கு என் கைபேசியில் முதலில் வந்து நிற்பவர் கன்பூசியஸ்தான். நீண்ட தாடி, மார்புக்கு நேரே கோத்த கைகள், பின்னால் மூங்கில் காடு, கீழே கொட்டை எழுத்தில் ஒரு பொன்மொழி. அனுப்புகிறவர் மன்னார்குடிப் பக்கத்தில் கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் உறவுக்காரர். எனக்குச் சித்தப்பா முறை. கூடவே ஒரு குரல்பதிவும் வரும்: “எவ்வளவு ஆழமா சொல்லியிருக்கான் பாரு தம்பி. நம்ம வள்ளுவரு மாதிரியே!”

அந்தப் பொன்மொழிகளில் பாதி கன்பூசியஸ் சொன்னவை அல்ல. மீதிப் பாதியை நாம் புரிந்துகொள்ளும் விதமும் சரியில்லை. சித்தப்பாவிடம் இதைச் சொல்லப் போய் ஆரம்பித்த வழக்கு ஒரு குறுவைப் பருவம் முழுக்க ஓடியது. அதில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

“அவர் சொன்னதாக வருவதெல்லாம் அவர் சொன்னது”

விழுந்து எழுவதைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வாசகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது ஆலிவர் கோல்ட்ஸ்மித் என்ற அயர்லாந்து எழுத்தாளருடையது. லண்டனுக்கு வந்த சீன அறிஞர் ஒருவர் ஊருக்குக் கடிதம் எழுதுவதாகக் கற்பனை செய்து அவர் எழுதிய நூல் 1762-ல் வெளியானது. கற்பனைச் சீனர் சொன்னதை யாரோ நிஜச் சீனர் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். பிடித்த வேலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும், பழிவாங்கப் போகுமுன் இரண்டு குழி வெட்டச் சொல்வதும் லுன்யூவில் இல்லை.

லுன்யூ என்பது சீடர்களும் அவர்களுக்குப் பின்வந்தவர்களும் தொகுத்த இருபது பகுதிகள் கொண்ட சிறு நூல். கன்பூசியஸ் தம் கையால் எழுதிய நூல் என்று உறுதியாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. அந்தத் தொகுப்பில் அவர் பல சமயம் பொன்மொழி சொல்பவராகவே தெரிய மாட்டார். கோபப்படுகிறார், சீடனைக் கிண்டல் செய்கிறார், வேலை கிடைக்காமல் புலம்புகிறார், இசை கேட்டு மூன்று மாதம் கறியின் ருசியை மறந்து போகிறார். மூங்கில் காட்டுப் படத்துக்குள் இந்த ஆள் அடங்க மாட்டார்.

“அது ஒரு மதம், அவர் அதன் கடவுள்”

கன்பூசியஸ் பொ.ஆ.மு. 551-ல் லூ என்ற சிறு நாட்டில், இன்றைய ஷான்டோங் மாகாணத்தின் சூஃபூ ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். சில்லறை உத்தியோகங்கள் பார்த்து, தம் பேச்சைக் கேட்கும் அரசன் எவனாவது கிடைப்பானா என்று நாடு நாடாகப் பல ஆண்டுகள் அலைந்து, கிடைக்காமல் ஊர் திரும்பி, 479-ல் இறந்தார். ஆவிகளுக்குத் தொண்டு செய்வது எப்படி என்று கேட்ட சீடனிடம், முதலில் மனிதருக்குச் செய்யக் கற்றுக்கொள் என்ற பொருளில் பதில் சொன்னவர். வேதம் அருளவில்லை, சொர்க்கத்துக்குச் சீட்டும் தரவில்லை.

ஆனால் சித்தப்பா விடவில்லை. “கோயில் இருக்குல்ல?” இருக்கிறது. சீன அரசர்கள் அவருக்குக் கோயில் கட்டிப் பலி கொடுத்து வழிபட்டார்கள். இந்தோனேசியாவில் இன்று அரசு அங்கீகரித்த மதங்களில் கன்பூசியமும் ஒன்று. ஆகவே இந்த நம்பிக்கையை முழுப் பொய் என்று தள்ள முடியாது. அவர் மதம் நிறுவவில்லை, பின்னால் வந்தவர்கள் அவரை வைத்து மதம்போல ஒன்றைச் செய்துகொண்டார்கள். திருமயிலையில் வள்ளுவருக்குக் கோயில் வைத்திருக்கும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

‘கன்பூசியஸ்’ என்ற பெயரே சீனப் பெயரல்ல. கொங் ஃபூட்சு என்பதை லத்தீனாக்கியவர்கள் சீனாவுக்குப் போன இயேசு சபைப் பாதிரியார்கள். 1687-ல் பாரிஸில் அவர்கள் வெளியிட்ட லத்தீன் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் ஐரோப்பா அவரைப் பரவலாக அறிந்தது.

“அவருக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம்?”

இங்கே நாகப்பட்டினத்துக்குப் போக வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் கடலோடிய வாங் தாயுவான் என்ற சீனப் பயணி, இந்தக் கடற்கரையில் செங்கல்லால் கட்டிய உயரமான கோபுரம் ஒன்றையும் அதில் சீன எழுத்துப் பொறிப்பு இருப்பதையும் குறித்துவைத்தார். 1267-ல் பணி முடிந்தது என்று அந்தப் பொறிப்பு சொன்னது. ஐரோப்பியர் காலத்தில் அதற்குச் சீனக் கோபுரம் என்றே பெயர். வெளிப்பாளையம் பக்கம் மூன்று அடுக்காகச் சிதைந்து நின்ற அதை வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பார்த்து எழுதியிருக்கிறார். 1867-ல், சரியாக அறுநூறு ஆண்டு கழித்து, அங்கே கல்லூரி நடத்திய இயேசு சபையினர் அரசாங்க அனுமதி வாங்கி அதை இடித்தார்கள். சீனாவில் கன்பூசியஸைத் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே சபை! வரலாறு சில சமயம் யாரோ உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கிறது.

அது பௌத்தத் தலம், கன்பூசியக் கோயிலல்ல. கன்பூசியத்தை நேருக்கு நேர் சந்தித்தவர்கள் சோழத் தூதர்கள்தான். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழநாட்டிலிருந்து சோங் பேரரசின் அவைக்குத் தூது போயிருக்கிறது. முதல் தூதை அனுப்பியவன் ராஜராஜன். தூதர்கள் கைஃபெங் நகரம் போய்ச் சேர மூன்று ஆண்டுக்கு மேல் பிடித்தது. 1033-ல் போன தூதர், எங்கள் நாட்டு முறைப்படி வணங்க அனுமதியுங்கள் என்று கேட்டு, அரியணை முன் மண்டியிட்டு முத்துகளைத் தூவினார்.

அந்த அவையில் யார் எங்கே நிற்பது, யாருக்கு எந்தத் தாளில் ஓலை எழுதுவது என்பதையெல்லாம் தீர்மானிக்கத் தனித் துறையே இருந்தது. கன்பூசிய நூல்களைக் கரைத்துக் குடித்துத் தேர்வு எழுதி வந்தவர்கள் அங்கே அதிகாரிகள். 1106-ல் பர்மாவின் பகான் நாட்டுத் தூதர் வந்தபோது, சோழருக்குச் செய்த அதே மரியாதையைச் செய்யச் சொன்னார் பேரரசர். அதிகாரிகள் மறுத்தார்கள்: சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு, அதனால்தான் அவர்களுக்கு மட்டமான உறையில் ஓலை அனுப்பினோம், பகான் பெரிய நாடு, அதற்கு இது ஆகாது. ராஜேந்திரனின் படை கடல் தாண்டிப் போய் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது 1025-ல். எண்பது ஆண்டு கழித்தும் சீனத்துச் சடங்குத் துறையின் பேரேட்டில் சோழன் ஸ்ரீவிஜயத்தின் அடிமை!

சித்தப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. எனக்கு இதில் வேறொன்று பிடித்திருக்கிறது. ஆட்சி கைக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, பெயர்களைச் சரிசெய்வேன் என்றவர் கன்பூசியஸ். பெயர் பிசகினால் பேச்சு பிசகும், பேச்சு பிசகினால் காரியம் கெடும் என்பது அவர் கணக்கு. அவர் பெயரால் சம்பளம் வாங்கியவர்கள் பெயரைத்தான் பிசகாக எழுதினார்கள். பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. காசுக்கு நம் ஊர் வழி தெரிந்திருக்கிறது.

“வெறும் சடங்கு”

கன்பூசியஸ் ஓயாமல் சொல்லும் சொல் ‘லி’. ஆங்கிலத்தில் அதைச் சடங்கு என்று மொழிபெயர்த்தார்கள், நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோம். டெல்டாக்காரருக்கு அந்தத் தவறு நேர வேண்டியதே இல்லை. நம்மிடம் ‘முறை’ இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். புதிதாக ஒருவரைப் பார்த்தால் “என்ன முறை வேணும்?” என்கிறோம். முறைமாமன் என்கிறோம். கல்யாணத்துக்குச் செய்முறை செய்கிறோம், செய்யாவிட்டால் முறை கெட்டுப்போச்சு என்கிறோம். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுகிறார்கள்: இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அதற்கு இத்தனை நாள். வள்ளுவரோ அரசனின் நீதிக்கே முறை என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். உறவு, சடங்கு, பங்கீடு, நீதி ஆகிய நான்கையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழிக்கு ‘லி’ அந்நியமாக இருக்க முடியாது. நீங்கள் எனக்கு யார் என்பதிலிருந்தே நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பிறக்கிறது. கன்பூசிய அறத்தின் அடித்தளம் அவ்வளவுதான்.

வடிவத்தை மாற்றவே கூடாது என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. சடங்குக்கு நார்த்துணித் தொப்பி என்பது பழைய வழக்கம். அவர் காலத்தில் எல்லோரும் பட்டுத் தொப்பிக்கு மாறிவிட்டார்கள், அதில் செலவு குறைவு. சரி, நானும் மாறிக்கொள்கிறேன் என்றார். ஆனால் படிக்குக் கீழே நின்று வணங்குவதை விட்டுவிட்டு மேலே ஏறி வணங்குவது திமிர், ஊரே செய்தாலும் நான் செய்ய மாட்டேன் என்றார். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பார்க்க அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது. அந்தச் செயலுக்குள் மரியாதை இருக்கிறதா என்பதே அது.

பெற்றோர் விஷயத்திலும் அதே அளவுகோல்தான். இந்த ஊர்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறான். ஒருகாலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார்கள், இப்போது திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். சிங்கப்பூர் 1995-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்தது. நாம் 2007-ல் கொண்டுவந்தோம். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் பிள்ளை சோறு போட உத்தரவு வாங்கலாம். இதுதான் கன்பூசியம் என்று பலர் எழுதுகிறார்கள். அவரைக் கேட்டால் இல்லை என்றிருப்பார். நாய்க்கும் குதிரைக்கும்கூடத் தீனி போடுகிறோம், மரியாதை இல்லாவிட்டால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டவர் அவர். முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறாய் என்பதுதான் கடினமான பகுதி என்றும் சொன்னார். பெற்றோர் இருக்கும்போது தூர தேசம் போகாதே, போனால் எங்கே இருக்கிறாய் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்பதும் அவர் கருத்து. இரண்டாவது பாதியை ஒரு வீடியோ அழைப்பால் ஒப்பேற்றிவிடலாம். முகத்தை உத்தரவு போட்டு வாங்க எந்தக் கோட்டாட்சியராலும் ஆகாது.

“மூத்தவர் சொன்னால் மறுபேச்சு கூடாது என்றவர்”

கன்பூசியத்தைப் பற்றிய பிசகுகளில் அதிகம் கெடுதல் செய்தது இதுதான். அரசனுக்குக் குடிமகனும், தந்தைக்கு மகனும், கணவனுக்கு மனைவியும் கட்டுப்பட வேண்டும் என்ற ‘மூன்று கட்டுகள்’ கன்பூசியஸ் வாயிலிருந்து வந்தவை அல்ல. அவருக்கு ஏறக்குறைய முந்நூறு, நானூறு ஆண்டு பிந்தியவை. கடுந்தண்டனை பேசிய ஹான் ஃபெய் என்பவரின் எழுத்தில் அந்தக் கருத்து தலைகாட்டுகிறது. ஹான் பேரரசின் அவைப் புலவர் தொங் சோங்ஷூ அதைக் கன்பூசியத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தார். பேரரசுகளுக்கு அது வசதியாக இருந்தது, பத்திரமாக வைத்துக்கொண்டன.

லுன்யூவில் பெற்றோர் தவறு செய்தால் பக்குவமாக எடுத்துச்சொல்லும்படி இருக்கிறது. பெற்றோருக்குப் பிள்ளை செய்யும் கடமையைப் பற்றிய பழைய நூல் ஒன்றில், தந்தை சொன்னதையெல்லாம் செய்வதுதான் கடமையா என்று சீடன் கேட்க, இது என்ன பேச்சு என்று ஆசிரியர் சீறுகிறார். தந்தை தப்பு செய்யும்போது தடுத்துப் பேசும் மகன் ஒருவன் இருந்தால்தான் தந்தை இழிவில் விழாமல் தப்புவார் என்கிறது அந்த நூல். கன்பூசியஸ் வழியில் அடுத்த தலைமுறைகளில் வந்த மென்சியஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். கொடுங்கோல் மன்னன் சோவைக் கொன்றது ராஜத்துரோகமா என்று ஓர் அரசனே அவரிடம் கேட்டான். நீதியை அழித்தவன் வெறும் ஆள், ஒரு வெறும் ஆளைக் கொன்றதாகத்தான் கேள்விப்பட்டேன், அரசனைக் கொன்றதாகக் கேள்விப்படவில்லை என்றார். அரசன் அரசனாக நடக்காவிட்டால் அந்தப் பெயர் அவனிடமிருந்து உதிர்ந்துவிடும்.

“குறளும் லுன்யூவும் ஒன்றையேதான் சொல்கின்றன”

சித்தப்பாவின் கோட்டை இது. தனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே என்பதை இருவரும் சொல்கிறார்கள், உண்மை. கற்பதன் இன்பம், நட்பின் தேர்வு, நாவடக்கம் என்று ஒத்துப்போகும் இடங்கள் ஏராளம்.

ஆனால் இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர், தீமை செய்தவன் வெட்கித் தலைகுனியும்படி அவனுக்கு நன்மை செய்துவிட்டு மறந்துவிடச் சொல்கிறார். இதே யோசனையை ஒருவர் கன்பூசியஸிடம் வைத்தார். அவர் ஒப்பவில்லை. தீமைக்கு நன்மையைக் கொடுத்துவிட்டால், நன்மை செய்தவனுக்குக் கொடுக்க உன்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டார். தீமைக்கு நேர்மையைக் கொடு, நன்மைக்கு நன்மையைக் கொடு என்றார். வரப்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டவனுக்கு வள்ளுவர் வழியில் மோர் கொடுத்து அனுப்பலாம். கன்பூசியஸ் வழியில் போனால், மடையை அடைத்துவிட்டுப் பஞ்சாயத்துக்கு வா என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டும் பெரிய மனசுதான், இரண்டும் ஒன்றல்ல. “நான் மோர் குடுக்க மாட்டேன்” என்றார் சித்தப்பா. அப்படியானால் நீங்கள் கன்பூசியஸ் கட்சி என்றேன். சற்று நேரம் பேசவில்லை.

“சொந்தக்காரனைக் காப்பாற்று என்றவரிடம் நீதி ஏது?”

இதை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். திருவாரூர்க்காரர்களுக்கு இது வீட்டு விவகாரம்.

தியாகராசர் கோயில் மதிலுக்கு வெளியே கல்லில் ஒரு தேர் நிற்கிறது. சக்கரத்தின் கீழே ஒரு பிள்ளை. இளவரசன் தேரின் கீழ் கன்று செத்துப்போக, தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட உத்தரவிட்டான். அமைச்சனுக்கு மனம் வராமல் உயிரை விட்டான். அரசனே தேரை ஓட்டினான். சேக்கிழார் பெரிய புராணத்தின் முகப்பிலேயே இந்தக் கதையை வைத்தார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. மாவட்ட ஆட்சியர்கள் ஊர் ஊராகப் போய் மனு வாங்கும் நாளுக்குப் பெயரே மனுநீதி நாள்தான். நீதி என்றால் மகனென்றும் பார்க்காதது என்று நமக்கு முலைப்பாலோடு ஊட்டப்பட்டிருக்கிறது.

இப்போது லுன்யூவின் கதை. ஷெ என்ற ஊரின் தலைவன் கன்பூசியஸிடம் பெருமை அடித்துக்கொண்டான்: எங்கள் ஊரில் ஒரு நேர்மையாளன் இருக்கிறான், தகப்பன் ஆடு திருடியதற்கு மகனே சாட்சி சொன்னான். கன்பூசியஸ் பதிலுக்கு, எங்கள் ஊரில் நேர்மை வேறு மாதிரி, தகப்பன் மகனை மறைப்பான், மகன் தகப்பனை மறைப்பான், நேர்மை அதற்குள்ளேயே இருக்கிறது என்றார்.

அங்கே கன்று, இங்கே ஆடு. தமிழ் வாசகருக்கு முதல் முறை படிக்கும்போது குமட்டும். எனக்கும் குமட்டியது. எல்லா ஊழலும் பிள்ளைப் பாசத்தில்தானே முளைக்கிறது? சீனாவிலும் இதே கேள்வி எழுந்தது. 2000-களின் தொடக்கத்தில், ஊழலின் வேர் இந்த ஆட்டுக் கதையில்தான் இருக்கிறது என்று ஒரு பேராசிரியர் எழுத, பல ஆண்டுகள் நீண்ட சண்டை அது.

ஆனால் கன்பூசியஸ் பேசியது மகனைப் பற்றி, நீதிபதியைப் பற்றி அல்ல. தகப்பனைக் காட்டிக்கொடுக்கப் பிள்ளையை ஏவும் அரசு எப்படிப்பட்ட அரசாக இருக்கும் என்பது அவர் கவலை. அந்தக் கவலை பொய்யல்ல என்பதைப் பிள்ளைகளைக் கொண்டு பெற்றோரை மேடையில் நிறுத்திய கலாச்சாரப் புரட்சி சீனர்களுக்கே காட்டியது. 2012-ல் திருத்திய சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவரின் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை ஆகியோரை நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. நம் சாட்சியச் சட்டம் 1872 முதல் கணவன் மனைவிக்கிடையே நடந்த பேச்சை மட்டும் காக்கிறது, பெற்றோர் பிள்ளைக்கு அந்தக் காப்பு இல்லை. மனுநீதிச் சோழன் ஊர்ச் சட்டம் வேறு எப்படி இருக்கும்!

மென்சியஸிடம் ஒரு சீடன் இந்த முடிச்சை இன்னும் இறுக்கிக் கொண்டுவந்தான். பேரரசன் ஷுனின் தகப்பன் கொலை செய்துவிட்டால்? நீதிபதி அவனைப் பிடிக்க வேண்டியதுதான் என்றார் மென்சியஸ். ஷுன் தடுக்க மாட்டானா? அவனுக்கு அந்த அதிகாரம் ஏது? பிறகு என்ன செய்வான்? அரியணையைப் பிய்ந்த செருப்பைப்போல உதறிவிட்டு, இரவோடிரவாகத் தகப்பனை முதுகில் தூக்கிக்கொண்டு கடற்கரையோரம் ஓடிப்போய், அங்கேயே சந்தோஷமாக வாழ்ந்து, ராஜ்யத்தை மறந்துவிடுவான்.

இந்தப் பதிலை நான் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சோழன் அரியணையை வைத்துக்கொண்டு மகனைக் கொடுக்கிறான். ஷுன் தகப்பனை வைத்துக்கொண்டு அரியணையைக் கொடுக்கிறான். பதவியையும் உறவையும் ஒருசேரக் கையில் வைத்துக்கொள்ள இரண்டு கதையிலும் யாருக்கும் அனுமதியில்லை. நம் அரசியல்வாதிகள் மனுநீதிச் சோழன் சிலைக்கு மாலை போடுகிறார்கள். அவர்களால் சோழனாக முடியாது, அது தெரிந்ததுதான். ஷுனாக ஆவதற்குக்கூட யாரும் முன்வருவதில்லை. மகன் மீது வழக்கு வந்தால் தகப்பன் நாற்காலியை உதறுவதுமில்லை.

“மனித உரிமைக்கு எதிரி”

1990-களில் சிங்கப்பூர்த் தலைவர்கள், தனிமனித உரிமையைவிடச் சமூக ஒழுங்கே முக்கியம் என்று ‘ஆசிய விழுமியங்கள்’ பேசியதால் வந்த பெயர் இது. 1980-களில் அங்கே பள்ளியில் கட்டாயமாக்கிய சமயக் கல்வித் திட்டத்தில் கன்பூசிய அறம் ஒரு விருப்பப் பாடமாக வைக்கப்பட்டது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்து சமயப் பாடம். சீன மாணவர்களிலேயே பெரும்பாலோர் கன்பூசியத்தை எடுக்கவில்லை, பௌத்தத்துக்குத்தான் கூட்டம். சில ஆண்டுகளில் அந்தத் திட்டமே கட்டாயமில்லை என்றாகிவிட்டது.

ஆனால் 1948-ன் மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்த குழுவின் துணைத்தலைவர் பெங் சுன் சாங் என்ற சீனர். பகுத்தறிவு என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து மனிதனை வரையறுப்பது போதாது, கன்பூசியஸின் ‘ரென்’ என்ற மனிதநேயக் கருத்தும் வேண்டும் என்று வாதாடினார். சீன எழுத்தில் அது மனிதன் என்ற குறியும் இரண்டு என்ற குறியும் சேர்ந்தது. பிரகடனத்தின் முதல் உறுப்பில் உள்ள மனசாட்சி என்ற சொல் அப்படி வந்ததுதான். அதே உறுப்பில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படக்கூடிய சொல்லை ‘எல்லா மனிதரும்’ என்று மாற்ற வைத்தவர் நம் ஹன்சா மேத்தா. கன்பூசியஸுக்கே அந்தத் திருத்தம் தேவைப்பட்டிருக்கும். பெண்களைப் பற்றி லுன்யூவில் ஒரு கசப்பான வரி இருக்கிறது. உரையாசிரியர்கள் அதைக் கழுவ எவ்வளவோ முயன்றும் கறை போகவில்லை.

“மிராசுதாருக்கு ஏற்ற தத்துவம்”

இதைத் தவறான நம்பிக்கை என்று தள்ளிவிட எனக்குக் கை வரவில்லை. அவனவன் இடத்தில் அவனவன் நிற்பதுதான் முறை என்று சொல்லித்தான் இந்த மண்ணில் பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் கொடுத்தார்கள். 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டிய பிறகுதான், 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முறை என்ற சொல்லை நான் மேலே அவ்வளவு கொஞ்சினேன். அந்தச் சொல்லுக்கு இந்த முகமும் உண்டு.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் எரிந்துபோனார்கள். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்ட தலித் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1970-களில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரிய நிலமும் காரும் வைத்திருக்கும் மிராசுதார்கள், வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற தொனியில் அந்தத் தீர்ப்பு இருந்தது.

கன்பூசியஸின் மையச் சொற்களில் ஒன்று ‘ஜுன்ட்சு’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பிரபுவின் மகன்’ என்று பொருள். அவருக்கு முன்வரை அது பிறப்பைக் குறித்தது. அவர் அதை எடுத்து, பிறப்பைக் கழற்றிவிட்டு, நடத்தையை மாட்டினார். நல்லபடி நடப்பவன் எவனோ அவனே பெரிய மனிதன், பிரபுவுக்குப் பிறந்தவன் அப்படி நடக்காவிட்டால் சின்ன ஆள். பாடம் சொல்லித் தருவதில் தரம் பிரிக்க மாட்டேன் என்றார், உப்புக்கண்டக் கட்டு ஒன்றைத் தட்சிணையாகக் கொண்டுவந்த ஏழைக்கும் கற்றுக்கொடுத்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன்பு ஒரு மனிதர் அந்தச் சொல்லுக்குச் செய்த வேலை அது. வெண்மணித் தீர்ப்பில் ‘பெரிய மனிதர்’ மறுபடியும் நிலத்தாலும் காராலும் அளக்கப்பட்டார். கன்பூசியஸுக்கு முந்திய காலத்துச் சொல் அது. கன்பூசியத்தைக் குற்றம் சொல்வதா, கன்பூசியஸை வைத்து அந்தத் தீர்ப்பைக் குற்றம் சொல்வதா? நான் இரண்டையும் சொல்வேன். அவர் சொல்லை மாற்றினார், ஏணியை அப்படியே விட்டுவைத்தார்.

“தனிமனித ஒழுக்கம்தான், பொதுக்காரியத்துக்கு உதவாது”

கடைசியாகத் தண்ணீர். அந்த வருஷம் முறை வைத்துத்தான் விட்டார்கள். எங்கள் முறைக்கு, மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ஷட்டரைத் தூக்கினபோது வாய்க்காலில் பாசிதான் நகர்ந்தது. மேலே யாரோ அடைத்திருந்தார்கள். சித்தப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் பேச்சு மாற்றுவதற்காக மென்சியஸ் கதை சொன்னேன்.

பாய் குய் என்ற அமைச்சன், வெள்ளத்தை அடக்குவதில் ஆதி மன்னன் யூவையே நான் மிஞ்சிவிட்டேன் என்று பீற்றிக்கொண்டான். யூ தண்ணீரைக் கடலுக்கு வடித்தான், நீ பக்கத்து நாட்டுக்குள் வடிக்கிறாய், உன் கணக்கே தப்பு என்றார் மென்சியஸ். பொ.ஆ.மு. 651-ல் குய்ச்சியு என்ற இடத்தில் சீன அரசர்கள் கூடிச் செய்த உடன்படிக்கையையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். அதில் ஒரு விதி: அடுத்தவனுக்குக் கெடுதலாக அணை போடக் கூடாது, பஞ்சத்தில் அண்டை நாட்டுக்குத் தானியம் போவதைத் தடுக்கக் கூடாது. தம் காலத்து அரசர்கள் இதை ஒருவர் விடாமல் மீறுகிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்.

“நம்ம காவிரி கேஸ் எப்ப முடிஞ்சுது?” என்றார் சித்தப்பா. நடுவர் மன்றம் 1990-ல், இறுதித் தீர்ப்பு 2007-ல், உச்ச நீதிமன்றம் 2018-ல், பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்றேன். “அது கர்நாடகக்காரன் கணக்கு. இந்தா, இங்க மேல அடைச்சிருக்கானே, அவன் எனக்கு மச்சான் முறை. இவனுக்கு எந்தக் கோர்ட்டு?” என்று கேட்டுவிட்டு, வாய்க்கால் கரையோடு மேற்கே நடக்க ஆரம்பித்தார். சண்டைக்குப் போகிறாரா, பேசப் போகிறாரா என்று தெரியவில்லை. ராத்திரி எட்டு மணிக்குத் தண்ணீர் வந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கைபேசி முனகியது. அதே தாடி, அதே மூங்கில் காடு. கீழே கொட்டை எழுத்தில்: அடுத்தவன் தண்ணீரை மறிக்காதே — கன்பூசியஸ். அந்த உடன்படிக்கை நடந்தபோது கன்பூசியஸ் பிறக்க இன்னும் நூறு வருஷம் இருந்தது. குடும்பக் குழுவில் மச்சான் முறைக்காரரும் இருக்கிறார். நான் திருத்தவில்லை.